நண்பருக்கு ஓர் இயங்குதளம்

ஜனவரி 12

கம்ப்யூட்டர்கள் எல்லாம் கைகட்டி நிற்கும் என் அக்கா மகளுக்கு, தையல் மெஷின்கள் எல்லாம் வாய்பொத்தி நிற்கும் உன் மாமன் எழுதுவது. நானும் உன் அத்தையும் சுகம். உன் சளி விட்டதா? அந்தக் குளிரூட்டிய சர்வர் அறையில் கழுத்தில் துணி சுற்றாமல் நிற்காதே.

போனிலேயே கேட்டிருக்கலாமே என்பாய். போனில் நீ என் பேச்சை நடுவில் வெட்டுவாய். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. நீ விடுதியில் படித்த காலத்திலிருந்து நான் இந்தப் பழக்கத்தை விடாததற்கு அதுதான் காரணம்.

விஷயத்துக்கு வருகிறேன். என் லேப்டாப் செத்துவிட்டது. அதில் என்ன இருந்தது என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன், சொல்வதில் எனக்கொரு சுகம். நான் கைவைத்த ஒவ்வொரு தையல் மெஷினின் சத்தமும் அதில் இருந்தது. பழுது பார்த்து முடித்ததும் மெஷினை ஓடவிட்டுப் பதிவு செய்துகொள்வேன். அது மறுபடி கோளாறு என்று வரும்போது பழைய சத்தத்தையும் புதுச் சத்தத்தையும் அடுத்தடுத்துக் கேட்பேன். ஊசி நூலைப் பிடிக்கும் ஹூக் தள்ளியிருக்கிறதா, பெல்ட் இளகியிருக்கிறதா, எண்ணெய் வற்றியிருக்கிறதா, மூடியைத் திறக்காமலே சொல்லிவிடுவேன். உலகத்தில் இப்படித் தொழில் செய்கிறவன் நான் ஒருவன்தான். பாய்மரத் துணி தைக்கும் மெஷின் நின்றுபோனதால் ஒரு கேப்டன் கப்பலையே நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டனுப்பியது உனக்கு ஞாபகம் இருக்கும். (முன்பு அதை மீன்பிடிப் படகு என்று சொன்னேனாம். உன் அத்தை சொல்கிறாள். படகு வளர்ந்திருக்கும்.)

நல்லவேளையாக, நகல்கள் மெமரி கார்டுகளில் இருக்கின்றன. ஒரு பட்டன் டப்பா நிறைய. எது எதில் என்று தேடுவதற்குள் மெஷின்காரர் பொறுமை இழந்து வீட்டுக்குப் போய்விடுகிறார்.

இதற்கு நடுவில் உன் அம்மா. போன மாதம் இரண்டு பேருடைய மெஷின்களை நான் மாற்றிக் கொடுத்துவிட்டேன். இரண்டும் ஒரே மாதிரி கறுப்பு, யாருக்குமே மாறும். அது எப்படியோ அக்கா காதுக்குப் போய்விட்டது. "வயசாச்சுடா. ஜூலையில வர்றேன். கடையைப் பூட்டிட்டு ரெண்டு பேரும் என்னோட வந்து மாடியில இருங்க" என்றாள். நான் விடவில்லை. ஜூலைக்குள் எல்லாச் சத்தத்தையும் ஒரே இடத்தில் சேர்த்து, கடையை ஒழுங்காக நடத்திக் காட்டினால் கடை எனக்கு. இல்லையென்றால் சாவி அவளுக்கு. ஒப்பந்தம் பேசி முடித்தாயிற்று.

நான் மெஷின் பார்க்கும் தையல் கூடத்துக் கணக்காளர் ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டியும் இரண்டு டிஸ்க்கும் கொடுத்திருக்கிறார். அதை வீட்டு சர்வர் ஆக்கப்போகிறேன். எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டம் போடுவது? செல்போன் கடைக்காரன் ஒன்று சொல்கிறான், டியூஷன் வாத்தியார் இன்னொன்று சொல்கிறார், முடிவெட்டுகிறவர் மூன்றாவதாக ஒன்றைச் சொல்கிறார். நீ நான்காவதைச் சொல். அதை வைத்து அந்த மூவரையும் மடக்குகிறேன்.

உன் மூக்கடைப்பு தீர வேண்டும் என்ற ஆசையோடு,
எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஓய்வு கொடுத்த
உன் மாமன்

*

பிப்ரவரி 3

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

சளி போய்விட்டது. இருமல் மட்டும் வாடகைக்கு இருக்கிறது. நீங்கள் இருவரும் நலம் என்று படித்ததில் நிம்மதி.

ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்பது தையல் கூடத்து மேஸ்திரி மாதிரி, மாமா. டிஸ்க், மெமரி எல்லாம் வேலையாட்கள். யார் எப்போது என்ன செய்வது என்று மேஸ்திரிதான் சொல்வார். சர்வருக்கு வேண்டிய மேஸ்திரி சத்தம் போடக் கூடாது, மாதத்துக்கு ஒருமுறை குணம் மாறக் கூடாது, கரண்ட் போய் வந்தால் தானே எழுந்து வேலையைத் தொடங்க வேண்டும்.

வீட்டு சர்வருக்கென்றே, லினக்ஸ் என்கிற இலவச சிஸ்டத்தில் செய்த ஒன்று இருக்கிறது. ஒருமுறை ஏற்றிவிட்டால் மீதி எல்லாம் வண்ணப் படங்களும் பொத்தான்களும்தான். தொட்டால் போதும். பென் டிரைவில் போட்டு இதோடு அனுப்பியிருக்கிறேன். எங்காவது நின்றால் திரையை போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

நீங்கள் கண்ணாடி மாற்றியதாக அம்மா சொன்னாள். புதுக் கண்ணாடி எப்படி இருக்கிறது?

அத்தைக்கு என் முத்தம்.

உங்கள் அக்கா மகள்

*

மார்ச் 2

சர்வர் அறையின் மகாராணிக்கு, உன் மாமன் வாழ்த்திச் சொல்வது. நாங்கள் நலமோ நலம். நீ கேட்டதற்குப் பதில்: முழங்கால் வலி அடியோடு போய்விட்டது. நேற்றுகூட மூன்று மாடி ஓடியே ஏறினேன். கீழே இறங்கும்போதுதான் அந்தக் கட்டடத்துக்கு இரண்டு மாடிதான் என்று தெரிந்தது.

நீ அனுப்பிய ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டுப் பார்த்தேன். மன்னிக்க வேண்டும், அது எனக்குச் சரிவராது. சின்னப் பிள்ளைகள் வண்ணம் தீட்டும் புத்தகம் மாதிரி இருக்கிறது. வெள்ளைத் தாளில் சாம்பல் நிறத்தில் எழுதுகிறவனை நீ எங்காவது கண்டதுண்டா? அதில் அப்படித்தான். பொத்தான்கள் கொசு அளவு. அம்புக்குறி ஒன்று ஓடுகிறதாம், அதைப் பிடித்து அந்தக் கொசுவின் தலையில் வைத்து அழுத்த வேண்டுமாம். எனக்கு வேறு வேலை இல்லையா?

என்னைப் போன்ற தொழில்காரனுக்குக் கீபோர்டு போதும். தட்டினால் நடக்க வேண்டும். இதைத்தான் செல்போன் கடைக்காரனிடமும் சொன்னேன். "பெரியவரே, மவுஸ் இல்லாம இந்தக் காலத்துல ஒண்ணும் நடக்காது"ன்னான். "தம்பி, நான் மெஷின் கத்துக்கிட்டப்ப மேஸ்திரி என் கண்ணைக் கட்டித்தான் ஹூக் மாட்டச் சொன்னார்"னு ஒரு போடு போட்டேன். கடையே கைதட்டியது. கடையில் அவனும் நானும்தான் இருந்தோம், அது வேறு விஷயம்.

ஆகவே படம் இல்லாத ஒன்றை அனுப்பு. நான் பின்வாங்குகிறேன் என்று நினைத்துவிடாதே. உன் அம்மா ஜூலையில் படியேறும்போது இந்தச் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும், இது சத்தியம்.

கொசுக்களின் எதிரி,
உன் மாமன்

*

மார்ச் 20

அன்புள்ள மாமா,

மூன்று மாடியோ இரண்டு மாடியோ, ஓட வேண்டாம். அத்தை சுகமா?

நீங்கள் சொல்வதும் சரிதான். சர்வருக்குப் படம் தேவையே இல்லை, நாங்களும் இங்கே எழுத்துத் திரையில்தான் வேலை பார்க்கிறோம். அதே லினக்ஸில் வேறொன்று அனுப்புகிறேன். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, மவுஸ் கிடையாது. அம்புக்குறிச் சாவியால் மேலும் கீழும் நகர்ந்து என்டர் தட்டினால் போதும்.

போன முறை போட்டோ அனுப்பவே இல்லையே. இந்த முறை கட்டாயம் அனுப்புங்கள். திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் இங்கிருந்து என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

கண்ணாடியைப் பற்றிக் கேட்டேன், முழங்காலைப் பற்றிப் பதில் வந்தது.

அன்புடன்,
அக்கா மகள்

*

ஏப்ரல் 29

அறிவுக்கடலான மருமகளுக்கு, ஆசிகள். உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. உடனே எழுதாததற்குக் காரணம் வேலை, வேறொன்றும் இல்லை. தையல் கூடத்து முதலாளியம்மா தன் கூடத்து மெஷின்கள் மொத்தத்தையும் இந்த வருஷமும் என் பொறுப்பிலேயே விட்டிருக்கிறார். "உங்க காதை நம்பித்தான் இந்தக் கூடமே ஓடுது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். இதில் நான் ஒன்றும் சேர்க்கவில்லை. "எல்லோர் முன்னாலும்" மட்டும் சேர்த்தேன்.

நீ அனுப்பியதைப் போட்டேன். ஏதோ கேட்டது. நான் என்டர் தட்டினேன். மறுபடி ஏதோ கேட்டது. மறுபடி என்டர் தட்டினேன். இப்படி இரண்டு பேரும் மரியாதையாகப் பேசிக்கொண்டே போனோம், கடைசியில் அது நின்றுவிட்டது. நிற்கட்டும். அதன் காரணத்தை நான் கண்டுபிடித்துவிட்டேன்.

போட்டோவுக்குப் பதிலாக இந்த மெமரி கார்டை அனுப்புகிறேன். பெட்டி ஓடும் சத்தத்தைப் பிடித்திருக்கிறேன். போட்டோவில் எது வேண்டுமானாலும் நல்லா இருக்கிற மாதிரி தெரியும், என் கல்யாண போட்டோவிலேயே நான் உயரமாக இருக்கிறேன். சத்தம் அப்படி ஏமாற்றாது. கேள்: அடியில் ஒரு ரீங்காரம், அதற்கு மேல் "டிக்... டிக்டிக்... டிக்" என்று ஒன்று. அது இரண்டாவது டிஸ்க்கின் நொண்டல். ஹூக் தேய்ந்த மெஷினும் இப்படித்தான் நொண்டும். டிஸ்க் போய்விட்டது, வேறு வேண்டும் என்பது என் தீர்ப்பு. மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு அரைநாள் கேட்டு முடிவு செய்தது, மேல்முறையீடு கிடையாது.

உன் அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லாதே. சர்வர் ஜோராக ஓடுகிறது என்று நான் ஏற்கெனவே சொல்லியாயிற்று.

நீதிபதி மாமன்

*

மே 13

அன்புள்ள மாமா,

பதிவைக் கேட்டேன். என்னோடு டிஸ்க் பிரிவில் வேலை செய்பவரையும் கேட்கச் சொன்னேன். டிஸ்க் கெட்டால் இப்படிக் கேட்காது என்கிறார். ஏதோ ஒன்று ஃபேன் இறக்கையில் உரசுகிறதாம். மூடியைத் திறந்து ஃபேன் பக்கம் ஒருமுறை பாருங்கள், கண்ணில் பட்டுவிடும்.

தீர்ப்பு மாறியதற்கு மன்னிக்கவும். டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் கடிதங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஜனவரியில் எழுதியதைவிட எழுத்து இரண்டு மடங்கு பெரிதாகியிருக்கிறது. ஏப்ரல் கடிதத்தில் ஒரு வரிமேலேயே அடுத்த வரியை எழுதியிருக்கிறீர்கள். பேனா சரியில்லையா?

அத்தைக்கு அன்பு.

அக்கா மகள்

*

மே 24

கண்ணு,

அத்தை எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, தப்பிருந்தால் கண்டுகொள்ளாதே. சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா?

உன் கடிதம் வந்ததும் நானே போய் அந்தப் பெட்டியைத் திறந்தேன். சிவப்பு வயர் ஒன்று ஃபேனில் தட்டிக்கொண்டிருந்தது. எட்டி நின்றாலே தெரியும். நூலால் கட்டி ஒதுக்கினேன், சத்தம் நின்றுவிட்டது. தானே சரியாகிவிட்டது என்று உன் மாமா நினைத்துக்கொண்டிருக்கிறார். அப்படியே இருக்கட்டும்.

அந்த வயருக்கு முன்னால் அரைநாள் உட்கார்ந்திருந்தாரே கண்ணு.

ஊசியில் நூல் கோர்க்க இப்போதெல்லாம் என்னைத்தான் கூப்பிடுகிறார். "நீ கோத்தாத்தான் ராசி"ங்கிறார். நானும் ராசி என்றே கோர்த்துக் கொடுக்கிறேன். கண் டாக்டரிடம் இரண்டு தரம் போனார். என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு அவர் மட்டும் உள்ளே போனார். வெளியே வந்து, "கழுகுக் கண்ணுன்னு டாக்டரே ஆச்சரியப்பட்டார்" என்றார்.

நான் எழுதினது அவருக்குத் தெரிய வேண்டாம்.

அத்தை

*

ஜூன் 5

அன்புள்ள மாமா,

அத்தையும் நீங்களும் நலமாக இருக்க வேண்டும். எனக்கு இருமல் நின்றுவிட்டது.

பிப்ரவரியிலிருந்து நான் தப்பான கேள்வியையே கேட்டுக்கொண்டிருந்தேன். திரையில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். திரை எவ்வளவு தெரிகிறது என்று கேட்டிருக்க வேண்டும். சாம்பல் நிற எழுத்து, கொசு அளவுப் பொத்தான், போட்டோவுக்குப் பதில் சத்தம், வரிமேல் வரி. என்னிடம் யாரும் சொல்லவில்லை, நீங்களேதான் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். எனக்குத்தான் உறைக்கவில்லை.

நேற்று வேலை முடிந்ததும் ஒரு பழைய பெட்டியை எடுத்து, திரையின் வயரைப் பிடுங்கிவிட்டு உட்கார்ந்தேன். முன்பு உங்களுக்கு அனுப்பிய இரண்டையும் போட்டுப் பார்த்தேன். இரண்டிலும் முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டேன். இதே வேலையை வருஷக்கணக்காகச் செய்கிற நான்! நீங்கள் என்டர் தட்டித் தட்டி அவ்வளவு தூரம் போயிருக்கிறீர்கள்.

அப்புறம் டெபியன் என்பதைப் போட்டேன். லினக்ஸ்தான். சர்வர்களுக்குப் பல பேர் நம்பி வைப்பது, அவசரப்பட்டு மாறாதது. அதன் குணத்துக்காக அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். இப்போது வேறு காரணத்துக்காகச் சொல்கிறேன். அது தொடங்கும்போது பீப் என்று ஒரு சத்தம் வரும். அப்போது எஸ் என்ற எழுத்தைத் தட்டி என்டர் அடித்தால் அது பேச ஆரம்பிக்கும். கேள்வியைப் படிக்கும், பதில்களை எண் போட்டுப் படிக்கும். நாம் எண்ணைத் தட்டினால் போதும். ஏற்றி முடித்த பிறகும் பேசும். திரை இல்லாமல் கடைசிவரை போய் முடித்தேன், மாமா.

அனுப்பட்டுமா?

உங்கள் அக்கா மகள்

*

ஜூன் 19

மருமகளுக்கு.

உன் கடிதத்தை உன் அத்தைதான் வாசித்துக் காட்டினாள். என் கண்ணாடியை வைத்த இடம் அந்த நேரம் பார்த்துத் தெரியவில்லை. பாதியில் நிறுத்திவிட்டு அடுப்பைப் பார்க்கிறேன் என்று போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை, எனக்கு மூக்கு இருக்கிறது.

என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. எதிர்ச் சாரி மாடியில் காயும் சட்டைக்கு எத்தனை பட்டன் என்று இங்கிருந்தே சொல்வேன். எழுத்து பெரிதானதற்குக் காரணம் நான் பெரிய மனுஷன் ஆனது. வரிமேல் வரி எழுதியது தாளை மிச்சம் பிடிக்க. இதற்கெல்லாம் துப்புத் துலக்குகிற வேலையை நீ எப்போது எடுத்துக்கொண்டாய்? இந்த வீட்டில் உனக்கு ஒற்றர் இருப்பதும் எனக்குத் தெரியும். என் பெட்டிக்குள் நூல் கட்டியிருக்கிறதைத் தடவிப் பார்த்தேன். அந்த முடிச்சு யாருடையது என்று எனக்குத் தெரியாதா?

கோபத்தை முடித்துக்கொள்கிறேன்.

வேறொரு விஷயம். எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். நீ பார்த்ததில்லை. நல்ல தொழில்காரர், என் அளவுக்கு இல்லையென்றாலும் பெரிய கெட்டிக்காரர். பாவம், அவருக்குக் கண் கொஞ்சம் சரியில்லை. அவருக்கும் ஒரு சர்வர் வேண்டுமாம். அந்தப் பேசுகிற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை அவருக்காக அனுப்பிவை. சீக்கிரம் அனுப்பு, அவருக்கு ஜூலைக்குள் வேண்டும்.

மாமன்

*

ஜூன் 30

அன்புள்ள மாமா,

உங்கள் நண்பர் நலமா? அவருக்கு டெபியன் அனுப்பியிருக்கிறேன். கூடவே ஒரு மெமரி கார்டும் இருக்கிறது. டெபியன் இங்கிலீஷில் மூக்கால் பேசும். அது கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் என்ன அர்த்தம், என்ன எண் தட்ட வேண்டும் என்று என் குரலில் தமிழில் பேசிப் பதிவு செய்திருக்கிறேன். பக்கத்தில் ஓடவிட்டுக்கொண்டே செய்யலாம். முடிந்த பிறகு, ஒவ்வொரு மெஷினுக்கும் கொடுக்கிற எண்ணைத் தட்டினால் அந்த மெஷினின் பழைய சத்தம் கேட்கிற மாதிரி ஒரு சின்னக் கட்டளையும் எழுதி வைத்திருக்கிறேன்.

எந்த டிஸ்க்கில் ஏற்றுவது என்ற கேள்வி வரும்போது மட்டும் அவர் நிதானமாக இருக்க வேண்டும். தேர்ந்தெடுக்கிற டிஸ்க்கில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

நண்பரிடம் நான் கேட்டதாக இன்னும் இரண்டு கேட்டுச் சொல்லுங்கள். டாக்டர் உண்மையில் என்ன சொன்னார்? அவருக்கு ஓர் அக்கா இருந்தால், அக்காவுக்குத் தெரியுமா? அக்கா தானே கண்டுபிடித்தால் கடை போய்விடும். அவரே சொன்னால் ஒருவேளை மிஞ்சும். நான் அந்த அக்காவிடம் வாய் திறக்க மாட்டேன். அது அவர் சொல்ல வேண்டியது.

நண்பருக்கும் அவர் மனைவிக்கும் என் அன்பு.

அக்கா மகள்

*

ஜூலை 11

என் நண்பருக்குக் கைகொடுத்த மருமகளுக்கு, அவர் சார்பில் கோடி நன்றி. நாங்களும் நலம், அவரும் நலம்.

கேள். நண்பர் பென் டிரைவைச் சொருகினார். பீப் வந்தது. எஸ் தட்டினார். உடனே ஒருவன் பேச ஆரம்பித்தான் பார், ஜலதோஷம் பிடித்த போலீஸ்காரன் மாதிரி! என்ன மொழி, எந்த நாடு, எந்தக் கீபோர்டு என்று விசாரணைமேல் விசாரணை. இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் உன் குரல், நடுவில் நண்பர். "மெதுவாச் சொல்லுய்யா" என்று அவனை ஒரு அதட்டு அதட்டினார். அவன் கேட்கவில்லை. நண்பரும் விடவில்லை.

டிஸ்க் கேள்வி வந்தது. பெட்டியில் இருப்பது இரண்டு டிஸ்க். போலீஸ்காரன் மூன்று சொன்னான். உன் குரல் "நிதானம் மாமா" என்றது. நண்பர் கையை எடுத்துவிட்டார். மறுபடி சொல்ல வைத்துக் கேட்டார், மறுபடியும் மூன்றுதான். யார் இந்த மூன்றாமவன் என்று பெட்டியைச் சுற்றித் தடவினார். பக்கவாட்டில் ஒரு மெமரி கார்டு சொருகியபடியே இருந்தது, தையல் கூடத்து மெஷின்கள் மொத்தமும் இருக்கிற கார்டு! எண் மாறித் தட்டியிருந்தால் அத்தனை சத்தமும் போயிருக்கும். அதைப் பிடுங்கியபோது எனக்குக் கை வழுக்கியது, அவ்வளவு வேர்வை. கார்டை உன் அத்தையின் முந்தானையில் முடிந்து வைக்கச் சொன்னேன். அப்புறம் உட்கார்ந்து இரண்டாவது தடவை முதலிலிருந்து செய்தேன். தப்பானது, மூன்றாவது தடவை செய்தேன். முடிந்தது.

இப்போது பட்டன் டப்பா காலி, எல்லாக் கார்டையும் சொருகிப் பெட்டியில் ஏற்றியாயிற்று. எண்ணைத் தட்டினால் மெஷின் பேசுகிறது. கப்பல் மெஷினும் இருக்கிறது. சரி, படகு.

டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டிருந்தாய். பார்வையின் நடுப்பகுதி போய்விட்டது, திரும்ப வராது, ஓரம் இருக்கும் என்றார். எதை நேராகப் பார்க்கிறேனோ அதுதான் தெரிவதில்லை. பக்கத்தில் இருப்பது தெரிகிறது. வேடிக்கையான வியாதி.

எழுதியதை நினைத்துப் பார்த்தால் நண்பரை எங்கோ வழியில் விட்டுவிட்டேன் போலிருக்கிறது. அவர் போகட்டும்.

அக்கா அடுத்த வாரம் வருகிறாள். நானே சொல்கிறேன்.

உன் மாமன்

*

ஜூலை 27

அன்பு மருமகளுக்கு, மாமன். நாங்கள் இருவரும் நலம், உன் அம்மாவும் நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பாள். இந்தக் கடிதத்தில் ஒன்றையும் கூட்டிச் சொல்லக் கூடாது என்று முடிவெடுத்து உட்கார்ந்திருக்கிறேன். கை அரிக்கிறது.

உன் அம்மா நேராகக் கடைக்கே வந்தாள். நான் பெருமையாகப் பெட்டியைப் போட்டேன். பெட்டிக்கு ஒரு பெயர் வை என்று டெபியன் கேட்டபோது நான் "அக்கா" என்று வைத்திருந்தேன், ஓயாமல் எனக்கு உத்தரவு போடுகிறதே என்று. அதை மறந்துவிட்டேன். போலீஸ்காரன் கணீரென்று "அக்கா லாகின்" என்றான்.

"எவன்டா அது, என்னைக் கூப்பிடுறது?"

"மெஷின்க்கா. அது பேசும்."

"எதுக்குப் பேசுது?"

நூறு பதில் வாயில் வந்தது, நீ நம்ப மாட்டாய், நூறும் அருமையான பதில்கள். "எனக்குக் கண்ணு தெரியலக்கா" என்றேன்.

அவள் ஸ்டூலை இழுக்கிற சத்தம் கேட்டது.

"எவ்வளவு நாளா?"

"போன வருஷத்துலேர்ந்து."

"அந்த மெஷின் மாறினது?"

"அதனாலதான்."

"எனக்குச் சொல்லணும்னு தோணலையாடா உனக்கு?"

"நீ கடையைப் பூட்டிருவே."

"பூட்டத்தான் வந்திருக்கேன்."

நான் ஓர் எண்ணைத் தட்டினேன். தையல் கூடத்து மெஷின் ஒன்றின் பழைய சத்தம் ஓடியது. மேசைமேல் இருந்த அதே மெஷினை ஓட்டிக் காட்டினேன். "வித்தியாசம் கேக்குதாக்கா?" என்றேன். இல்லை என்றாள். "எனக்குக் கேக்குது" என்றேன். பக்கத் தட்டைத் திறந்து, விரலாலேயே ஹூக்கை ஒரு நூலளவு நகர்த்தி, மறுபடி ஓட்டினேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"இதை அந்த முதலாளியம்மாகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"வா. சொல்லு. அவங்க வேலை குடுத்தாக் கடை இருக்கட்டும். இல்லேன்னா இன்னைக்கே மூட்டையைக் கட்டு."

போனோம். சொன்னேன். முதலாளியம்மா என்னைப் பாராட்டவில்லை. "என் பொண்ணுங்க விரலு அந்த ஊசிக்குக் கீழ இருக்கு. நீங்க பாக்காம மாட்டின வயர்ல அவங்க கை வைக்கிறாங்க. இத்தனை மாசமா ஒரு வார்த்தை சொல்லலியே!" என்றார். சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. நான் நின்றேன், மருமகளே. தப்பு என்னுடையது, இனி எப்படிச் செய்யலாம் என்று கேட்டேன்.

கடைசியில் இப்படி முடிவானது. கரண்ட் வேலை, வயர், மோட்டார் எல்லாம் இனி வேறு ஆளுக்கு. ஹூக், ஊசிக் கம்பி, பெல்ட், சத்தம் எனக்கு. நான் முடித்த மெஷினை மேஸ்திரி ஒருமுறை பார்த்த பிறகுதான் ஓட விட வேண்டும். அதாவது வேலையில் பாதி போய்விட்டது. நான் ஒப்புக்கொண்டேன். அவர் கேட்டது நியாயம்.

திரும்பி நடக்கும்போது உன் அம்மா, "பாதி வேலைக்கு முழுக் கடை எதுக்குடா?" என்றாள். "இருக்கிற பாதியை முழுசாச் செய்ய" என்றேன். அவள் நடந்துகொண்டே இருந்தாள். கடை வாசலுக்கு வந்ததும், புறப்படும்போது அவள் பூட்டி வைத்துக்கொண்ட சாவியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள். "டாக்டர்கிட்ட இனிமே நான்தான் கூட்டிட்டுப் போவேன். உள்ளயும் வருவேன்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். நாளைக்கு ஒரு போர்வைக்காரர் மெஷின் கொண்டுவருகிறார், காலையிலேயே கடை திறக்க வேண்டும்.

உன் மாமன்

பி.கு. ஒன்று கூட்டிச் சொல்லிவிட்டேன். உன் அம்மா சிரித்தாள் என்றது. அவள் எனக்கு நேர் எதிரே நின்றாள். தோளும், காதோரமும், பின்னாலிருந்த கதவும் தெரிந்தன, முகம் தெரியவில்லை. சத்தமும் ஒன்றும் வரவில்லை. சிரித்தாள் என்று நானாக வைத்துக்கொண்டேன். நீ அவளிடம் கேட்டு எழுது.